குயர் அறிபுனை என்றால் என்ன? ஹியூகோ பட்டியல் முதல் திருச்செங்கோடு வரை

ஆண்டுதோறும் அறிவியல், மாயக் கதைகளுக்கான ஹியூகோ, நெபுலா விருதுப் பட்டியல்கள் வெளியாகும்போது தமிழ் வாசகர்களிடையே ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. விண்கலம், ரோபோ, டிராகன் என்று எதிர்பார்த்துப் புத்தகத்தைப் பிரித்தால் கலத்தின் தலைவி இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். மந்திரவாதி ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. "இதெல்லாம் எப்போது அறிவியல் கதைக்குள் வந்தது?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். "விருதுக்காகச் சேர்க்கிறார்கள்" என்று முடிவே கட்டிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் ஆங்கிலப் புத்தகங்களின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பெற்றோர் மூன்றாவது பக்கம்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது: குறைந்தது 1960களிலேயே வந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. அறிபுனை: அறிவியல் புனைகதை. இன்று இல்லாத ஒரு கருவியையோ, உயிரையோ, சமூக ஏற்பாட்டையோ "இருந்தால் என்ன ஆகும்?" என்று வைத்துக்கொண்டு அதன் விளைவுகளைப் பின்தொடரும் கதை. நம்மில் பலருக்கு இது சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோவோடு தொடங்குகிறது.

2. மிகுபுனைவு: மந்திரமும் தெய்வமும் மறு உலகமும் நிஜம்போலவே இயங்கும் கதை. கொங்கு நாட்டில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில் கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வருகிறது. மாண்டுபோன அண்ணன்மாரை எழுப்பும் ஆற்றல் தங்காளுக்கு இருக்கிறது.

3. குயர்: தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பியர், ஆண்-பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் பெயர். தமிழில் பால்புதுமையினர் என்றும் எழுதுகிறோம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, இவர்களை மரியாதையாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

இந்த மூன்றும் சேர்ந்த 'குயர் அறிபுனை' இரண்டு வகைப் புத்தகங்களைக் குறிக்கும். ஒன்று, குயர் மனிதர்கள் பாத்திரங்களாக வரும் கதை. மற்றொன்று, பால், காதல், குடும்பம் பற்றி நாம் இயற்கை என்று நம்பியிருக்கும் விதிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மிச்ச சமூகம் எப்படி நிற்கிறது என்று பார்க்கும் கதை. முதல் வகை எந்த இலக்கியத்திலும் உண்டு. இரண்டாவதுதான் அறிபுனைக்கே உரியது.

ஒரு விதியைக் கழற்றிப் பார்ப்பது

இதற்கு இன்றுவரை சிறந்த எடுத்துக்காட்டு அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. ஹியூகோ, நெபுலா இரண்டையும் பெற்ற நாவல்.

கெத்தன் என்பது பனி மூடிய கிரகம். அங்குள்ள மனிதர்கள் மாதத்தில் மூன்று வாரத்துக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 26 முதல் 28 நாள் வரையிலான சுழற்சியில் சில நாள் மட்டும் அவர்கள் உடல் விழிக்கும். அந்தச் சில நாளில் யார் ஆணாவார், யார் பெண்ணாவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த முறை தந்தையானவர் அடுத்த முறை தாயாகலாம். நாட்டின் அரசரே கருவுற்றிருக்கும் செய்தி நாவலில் சாதாரணமாக வருகிறது.

லெ குவின் மாற்றியது இந்த ஒரே விதியைத்தான். அதன் விளைவுகளை அவர் எவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். யாரும் யாரையும் "பிள்ளை பெறுகிறவள்" என்று ஒதுக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சுமை எல்லோருக்கும் வரலாம். சுழற்சி நாட்களில் வேலைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. வெளியுலகிலிருந்து தூதராகப் போன ஜென்லி ஐ எப்போதும் ஒரே பாலில் இருப்பதால், அங்குள்ளவர்களுக்கு அவர் ஒரு விசித்திரப் பிறவி. கடைசியில் ஜென்லியும் எஸ்ட்ராவென் என்ற கெத்தன்காரரும் பனிப்பாலையை வாரக்கணக்கில் கடக்கிறார்கள், ஒரே கூடாரத்தில். அந்தப் பயணத்தின் நடுவேதான், தன் தோழரை இத்தனை நாளும் முழுதாகப் பார்க்க மறுத்தது தன் பயம் என்று ஜென்லிக்கு உறைக்கிறது.

இந்த நாவலை விமர்சித்தவர்களும் உண்டு. கெத்தன்காரர்கள் எல்லோரையும் ஆண்பால் சுட்டாலேயே குறிப்பது ஏன்? ஒரே பாலாக மாறும் இருவர் காதலிக்கவே கூடாதா? 1976இல் எழுதிய கட்டுரையில் லெ குவின் தன் தரப்பைக் காத்துப் பேசினார். 1987இல் அதே கட்டுரைக்குத் தானே மறுகுறிப்பு எழுதி, பல இடங்களில் விமர்சகர்கள் பக்கம் சாய்ந்தார். வாசகர் கேட்பதும் எழுதியவர் பதில் சொல்வதும் அறிபுனை வட்டத்தின் பழைய பழக்கம் என்பதற்கு இது ஒரு சான்று.

அதே காலத்தில் வேறு இருவர். சாமுவேல் டெலனி, கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். தன்பாலீர்ப்பாளர்கள் போலீஸை எதிர்த்து எழுந்த நியூயார்க் ஸ்டோன்வால் எழுச்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1967இல், விண்வெளி வேலைக்காகப் பால்தன்மை நீக்கப்பட்டவர்களையும் அவர்கள்மேல் ஆசைப்படுகிறவர்களையும் பற்றி ஒரு சிறுகதை எழுதி நெபுலா வாங்கினார். ஜோன்னா ரஸ்ஸின் 1972 சிறுகதையான 'வென் இட் சேஞ்ச்ட்'டில், ஆண்களெல்லாம் கொள்ளைநோயில் இறந்து நூற்றாண்டுகள் ஆன கிரகத்தில் பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள், விவசாயம் செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஒருநாள் பூமியிலிருந்து ஆண்கள் வந்து இறங்கி, "மனிதர்களெல்லாம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் எதிர்காலம்

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நினைவூட்ட ஒன்று இருக்கிறது. ஈரோட்டுக்காரரான பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களில் சிறுநூலாக வந்தது. கம்பியில்லாத் தகவல் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று அதில் அவர் சொன்னதைச் செல்பேசி வந்த பிறகு எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைவிட அதிர்ச்சியான பகுதி பிள்ளைப்பேறு பற்றியது. ஆண்-பெண் சேர்க்கை இல்லாமலே குழந்தை உண்டாக்கும் முறை வரும் என்கிறார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978இல்தான்.

பெரியார் குயர் மக்களைப் பற்றி அங்கே பேசவில்லை. "தேர்ந்தெடுத்த" ஆண்களின் வித்தைக் கொண்டு நல்ல பிரஜைகளை உண்டாக்கலாம் என்று அவர் சொல்லும் இடம் இன்று படிக்கையில் நெருடுகிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைப்பேறு ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம், திருமணம் ஒரு பக்கம் என்று முடிச்சைப் பிரித்துவிட்டு "பிறகு என்ன ஆகும்?" என்று கேட்கிற அந்த முறை லெ குவினும் ரஸ்ஸும் கையாண்ட முறையேதான். கொங்கு நாட்டில் அது மேடைப் பேச்சாகவும் கட்டுரையாகவும் முளைத்தது. கதையாக வளர்த்தெடுக்க ஆள் வரவில்லை என்பது என் எண்ணம்.

வாசகர்கள் ஏன் எழுத்தாளர்களானார்கள்

இந்த நூல்களைச் சுற்றியுள்ள வட்டத்தைப் புரிந்துகொள்ள, அது எதற்குப் பயந்து உருவானது என்று பார்க்க வேண்டும்.

1970களின் நடுவில் 'ஸ்டார் டிரெக்' தொடரின் ரசிகைகள் கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்களாக வரும் கதைகளை எழுதி, படியெடுத்து, கைக்குக் கை மாற்றினார்கள். எந்தப் பதிப்பகமும் தொடாத கதைகள். இணையம் வந்ததும் இவை இணையத்துக்குப் போயின. அங்கேதான் சிக்கல் தொடங்கியது: இடம் இன்னொருவருடையது. 2002இல் ஒரு பெரிய ரசிகர்கதைத் தளம் வயதுவந்தோருக்கான கதைகளையெல்லாம் தடைசெய்தது. 2007இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான பக்கங்களை முன்னறிவிப்பின்றி முடக்கியது.

அதே 2007இல், நாவலாசிரியர் நவோமி நோவிக் உள்ளிட்ட ரசிகர்கள் லாபநோக்கற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சர்வரே நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்', சுருக்கமாக ஏஓ3.

2009ஐப் பாருங்கள். ஏப்ரலில் அமேசானில் 57,310 புத்தகங்கள் விற்பனைத் தரவரிசையிலிருந்தும் தேடலிலிருந்தும் காணாமல் போயின. குயர் நூல்கள் அவற்றில் ஏராளம். நிறுவனம் பட்டியலிடுவதில் நேர்ந்த பிழை என்றது. ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியது. நவம்பரில் ஏஓ3 பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரே ஆண்டில், ஒரு கடை அலமாரியிலிருந்து எடுக்கிறது, ஒரு நீதிமன்றம் சிறையிலிருந்து விடுவிக்கிறது, வாசகர்கள் தாங்களே அலமாரி கட்டிக்கொள்கிறார்கள்.

ஏஓ3 எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எழுதுபவர் தன் கதைக்கு எந்த அடையாளச் சொல்லையும் தன் விருப்பப்படி இடலாம். "மெதுவாக மலரும் காதல்", "யாரும் சாகமாட்டார்கள்", "டீக்கடை" என்று எதுவும். தன்னார்வலர்கள் பின்னால் உட்கார்ந்து ஒரே பொருள்தரும் சொற்களை இணைத்துவிடுகிறார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விவசாயி கொட்டும் மூட்டையை விரலி, கிழங்கு என்று பிரித்துவைப்பதுபோலத்தான்: சரக்கை யாரும் மாற்றுவதில்லை, தேடி வருபவருக்குக் கிடைக்கும்படி அடுக்குகிறார்கள். எந்தக் கதை எந்த வயதினருக்கு, அதில் வன்முறை உண்டா என்பதும், எழுதுபவர் குறித்திருந்தால், கதைக்கு மேலுள்ள குறிப்பிலேயே தெரியும். வயதுவந்தோருக்கானதும் சிறுவர்களுக்கானதும் அங்கே ஒரே கூரையில்தான் இருக்கின்றன, ஆகவே பெற்றோர் பார்க்க வேண்டிய இடம் அட்டையோ தளத்தின் பெயரோ இல்லை, இந்தக் குறிப்பு. 2019இல் ஏஓ3க்கே ஒரு ஹியூகோ கிடைத்தது, லட்சக்கணக்கான பெயர் தெரியாத எழுத்தாளர்களின் தொகுப்புக்கு.

ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற எழுத்தாளரின் கதையும் இங்கே சேரும். அவர் எழுத்தில் அசைக்க முடியாத ஆண்தன்மை இருப்பதாக 1975இல் ஒரு பிரபல எழுத்தாளர் முன்னுரையே எழுதினார். 1977இல் தெரிந்தது: அவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி. பால் பற்றிய நம் அனுமானங்களை விரிவாக்கும் அறிபுனைக்கு, அவர் பெயரில் 1991இல் விஸ்கான் என்ற அறிபுனை மாநாட்டில் ஒரு விருது தொடங்கினார்கள். பரிசுப் பணம் சேர்த்தது எப்படி? வாசகர்கள் வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்று. 2019இலிருந்து அதன் பெயர் 'அதர்வைஸ் விருது'.

சரி, விருதுக்காகத்தான் சேர்க்கிறார்களா?

இந்தக் குற்றச்சாட்டை எடைபோட, வாக்கு யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

1. நெபுலா: தொழில்முறை எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள் வாக்களிப்பது.

2. ஹியூகோ: உலக அறிபுனை மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களிப்பது. சில ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தினால் நீங்களும் உறுப்பினர். நடுவர் குழு எதுவும் இல்லை.

நடுவர் இல்லாததால், "யாரோ மேலிருந்து திணிக்கிறார்கள்" என்ற வாதம் ஹியூகோவில் நிற்காது. திணிக்க முயன்றவர்கள் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தார்கள். விருது சமூக அரசியலுக்குப் போய்விட்டது என்று சொன்ன ஒரு குழு 2015இல் மொத்தமாக அணிதிரண்டு பரிந்துரைப் பட்டியலையே நிரப்பியது. வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் "யாருக்கும் விருதில்லை" என்று பதிலடி கொடுத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டும் தொடர்ந்து என்.கே. ஜெமிசின் ஒரே தொடரின் மூன்று நாவல்களுக்கும் வாங்கினார். அவற்றில் முதல் நாவலில் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களுமாக நடத்தும் ஒரு குடும்பம் வருகிறது. நிலநடுக்கத்தில் உலகம் உடைந்துகொண்டிருக்கும் கதையில் அது யாரையும் உறுத்துவதில்லை.

ஹியூகோவில் நிஜமான குறை வேறிடத்தில். 2023 மாநாடு சீனாவின் செங்டுவில் நடந்தது. சில மாதங்கள் கழித்து, 2024 ஜனவரியில் வெளியான கணக்கில், ஆர்.எஃப். குவாங்கின் நாவலும், ஆண்-பெண் இரண்டிலும் அடங்காத எழுத்தாளரான ஷிரான் ஜே ஷாவோவும் காரணம் கூறப்படாமல் "தகுதியற்றவை" என்று நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சீனாவில் சிக்கலாகக்கூடிய எழுத்து எது என்று நிர்வாகிகள் எழுத்தாளர்களைப் பற்றிக் குறிப்பெடுத்திருந்தது கசிந்த மின்னஞ்சல்களில் வெளிவந்தது. யாரும் ஆணையிட்டதாகத் தெரியாமலே முன்கூட்டிப் பயந்து வெட்டியிருக்கிறார்கள். 2024இல் கிளாஸ்கோவில் நடந்த அடுத்த மாநாட்டில் வெளிப்படைத்தன்மையை இறுக்கினார்கள். ஒரே ஆளுக்காகக் குவிந்த 377 போலி வாக்குகளை நீக்கியதைத் தாங்களே அறிவித்தார்கள். (அந்த எண்ணைப் பார்த்ததும் இந்திய வாசகர்களுக்கு வேறொன்று ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது.)

கற்பனை ஊரும் நிஜ ஊரும்

கொங்கு வாசகருக்கு இந்த விஷயம் நெருக்கமாகும் இடம் இது. எழுத்தாளர் ஏன் வேற்றுக் கிரகத்துக்கு ஓட வேண்டும்? நம் ஊரையே எழுதலாமே?

எழுதினார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாளையும், பிள்ளையில்லாத காளி-பொன்னா தம்பதியையும் பற்றிய நாவல். நான்கு ஆண்டுகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது, பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது.

திரும்பி வந்தவர் எழுதியது 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, தெய்வங்களைப் பற்றி அதைவிடப் பயம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு ஆட்டை எடுத்துக்கொண்டார். அந்த உலகத்தில் பிறந்த குட்டிக்கெல்லாம் கணக்கு உண்டு. கிழவி குட்டியை அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், அதிகாரி விசாரித்துக் காது குத்தி அடையாளம் போடுவார். கணக்கில் வராத குட்டி எங்கிருந்து வந்தது என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வரிசையைப் படிக்கும் கொங்குக்காரருக்கு எந்த ஊர், எந்த அலுவலகம் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வழக்குப் போடவோ கடையடைக்கவோ அங்கே ஊர்ப்பெயர் கிடையாது. 'பூனாச்சி' குயர் நாவல் இல்லை. ஆனால் குயர் எழுத்தாளர்கள் அரை நூற்றாண்டாக ஏன் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு நம் மண்ணிலிருந்து இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

இங்கே ஒரு சுலபமான வாதத்தையும் தள்ளிவைக்க வேண்டும். "நம் மரபில் இதெல்லாம் எப்போதோ இருக்கிறது, திருச்செங்கோட்டு மலையில் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக அர்த்தநாரீஸ்வரரே நிற்கிறார்" என்பது அது. நிற்கிறார், உண்மை. அதே நாமக்கல் வட்டாரத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி'யைப் படித்தால், அந்தத் தெய்வத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று தெரியும். மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டி ஆடியபோது ஊர் கைதட்டியது. வேஷத்தைக் கலைத்த பிறகும் பெண்ணாகவே இருக்க விரும்பியபோது வீட்டில் அடி விழுந்தது. புராணம் இடம் கொடுப்பதும் பக்கத்து வீடு இடம் கொடுப்பதும் வேறு வேறு.

சாட்சியம் முதலில், கற்பனை பிறகு

தமிழில் குயர் எழுத்து வலுவாக வந்திருக்கும் வடிவம் தன்வரலாறும் கவிதையும். ரேவதி, 'நான் சரவணன் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா, பொள்ளாச்சியில் பிறந்து 'குறி அறுத்தேன்' கவிதைகளைத் தந்த கல்கி சுப்ரமணியம் என்று வரிசை நீள்கிறது. இது தற்செயல் இல்லை.

அந்த ஆண்டுகளில் சட்டம் எங்கே நின்றது என்று பாருங்கள்:

1. 2009இல் டெல்லி நீதிமன்றம் திறந்த கதவை 2013இல் உச்ச நீதிமன்றம் மூடியது.
2. 2014 ஏப்ரலில் திருநர்கள் தங்கள் பாலினத்தைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது.
3. 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவின் பிடி ஒருவழியாக விலகியது.
4. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை.

இப்படி நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம், சொந்த வீடு ஆகிய எல்லா இடத்திலும் "நீ யார், நிரூபி" என்று கேட்கப்பட்டவர்கள் முதலில் எழுதுவது வாக்குமூலமாகத்தான் இருக்கும். அறிபுனை வேறு வேலையைச் செய்கிறது. அந்தக் கேள்வி எழவே எழாத ஓர் ஊரைக் கட்டி, அதில் பாத்திரத்தை நடமாட விடுகிறது.

இலங்கையைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' இதை அழகாகக் காட்டும். 2024இல் நெபுலா பெற்ற நாவல். நாயகன் ஃபெட்டருக்கு நிழல் கிடையாது. பிறந்ததும் தாய் பிய்த்து எறிந்துவிட்டாள். மகானாகப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்காகவே தாய் அவனை வளர்த்தாள். அவன் நகரத்துக்கு வந்து, தன்னைப் போலவே ஊழ் கைவிட்ட "தேர்ந்தெடுக்கப்படாதவர்கள்" கூட்டத்தில் போய் உட்காருகிறான். அவனுக்கு ஒரு காதலன் இருக்கிறான். அவ்வளவுதான். கதையில் அது ரகசியமும் இல்லை, புரட்சியும் இல்லை. அவன் அல்லல்களெல்லாம் அரசு, மதம், இன வகைப்பாடு பற்றியவை. 

கூட்டமும் ஜமாத்தும்

இந்த நூல்களில் அடிக்கடி வரும் ஓர் அம்சம் தேர்ந்தெடுத்த குடும்பம்: ரத்த உறவில்லாதவர்கள் ஒரு விண்கலத்திலோ வீட்டிலோ சேர்ந்து குடும்பமாவது. வெளிநாட்டு விமர்சகர்கள் இதை இதமான பொழுதுபோக்கு என்று லேசாகக் கடந்துபோவதுண்டு. கொங்கு நாட்டில் இதன் எடை வேறு. இங்கே குடும்பம் என்றால் கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வம், பங்காளி, மாமன் மச்சான், இணைச்சீர் செய்யும் சகோதரி. யார் யாருக்கு முறை, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதெல்லாம் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். சாதி தாண்டிப் பழகினால் உயிருக்கே ஆபத்து வருகிற ஊர்களும் உண்டு. உறவுமுறை என்பது எவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்ட உலகம் என்று இந்த மண்ணில் வளர்ந்த வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் கெத்தன் கிரகத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே 'அடுப்பு' என்ற பெயரில் குலமாக வாழ்வது அமெரிக்க வாசகரைவிட நமக்குச் சீக்கிரம் பிடிபடும்.

வீட்டைவிட்டு வந்த திருநங்கையர் தங்களுக்குள் கட்டிக்கொண்ட அமைப்பும் அப்படி ஒன்றுதான். ஜமாத், குரு, சேலா (சீடர்), அம்மா-மகள் முறை, நாத்தனார் முறை என்று ஒரு முழு உறவுமுறை. அதில் பாசமும் உண்டு, அதிகாரமும் உண்டு, தண்டம் கட்டுவதும் உண்டு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, பெற்றோரால் பிரிக்கப்பட்ட இரு பெண்களின் வழக்கில், குடும்பம் உண்டாக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை என்றும் தேர்ந்தெடுத்த குடும்பம் என்பது ஏற்கப்பட்ட கருத்து என்றும் எழுதியது. அறிபுனை வாசகர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பேசிவந்தது தீர்ப்பு நகலில் வந்துவிட்டது.

எழுத நினைப்பவர்களுக்கும் படிக்க நினைப்பவர்களுக்கும்

தமிழில் இதை எழுதும்போது முதலில் முட்டுவது வினைமுற்று. வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு வாக்கியமும் பால் கேட்கும். ஆன் லெக்கி தன் 2013 நாவலில் எல்லோரையும் பெண்பால் சுட்டாலேயே குறித்து, ஹியூகோ, நெபுலா, ஆர்தர் சி. கிளார்க் விருது மூன்றையும் வாங்கினார். தமிழில் "அவர் வந்தார்" கைகொடுக்கும், ஆனால் வில்லனுக்கும் கைக்குழந்தைக்கும் மரியாதை கூடிப்போகும். எளிய வழி தன்மைக் கூற்று: "வந்தேன்" என்பதில் பால் இல்லை. களம் தேடுபவர்களுக்கு நொய்யல் ஆறு ஒன்றே போதும். திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய அந்த ஆறு நூறு ஆண்டுக்குப் பின் எப்படி இருக்கும், கரையில் யார் யாரோடு வாழ்வார்கள் என்று தொடங்கலாம். வெளியிட இடமும் உண்டு: 2018இல் தொடங்கிய 'அரூ' இணைய இதழ் அறிபுனைக்கும் மிகுபுனைவுக்கும் என்றே நடப்பது, அறிவியல் சிறுகதைப் போட்டிகளும் நடத்தியிருக்கிறது.

படிப்பவர்கள் ரஸ்ஸின் 1972 சிறுகதையில் தொடங்கலாம். சில பக்கங்கள்தான், ஆங்கிலமும் கடினமில்லை. இந்தியச் சாயல் வேண்டுமென்றால் தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்'. சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினிக்கும் பணிப்பெண் பிரியாவுக்கும் நடுவிலான கதை, 2022இல் உலக மிகுபுனைவு விருது பெற்றது. கொல்கத்தாவின் இந்திர தாஸ் எழுதிய 'தி டிவவரர்ஸ்' முகலாயர் காலத்து உருமாறிகளைப் பற்றியது. ரத்தம் நிறைய, ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். லெ குவினுக்கு முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். சந்திரசேகரவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தரின் மகன் ராகுலன் கதை தெரிந்திருந்தால் பாதித் தூரம் கடந்தாயிற்று.